தூக்கத்தின் வாசலில் ஒரு குரல்

கண் செருகும் நேரத்தில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது இரண்டு வருடமாக நடக்கிறது. அம்மா தலையணைக்கு அடியில் இரும்புச் சாவியை வைத்தார். நான் நெற்றியில் கட்டும் இஇஜி பட்டை ஒன்றை வாங்கினேன், மூளையின் மின் அலைகளைப் பதிவது.

முதல் வாரம் பதிவானதில் பாதி, மூளையின் அலையே இல்லை. கண் சிமிட்டுவதும் பல்லைக் கடிப்பதும்தான்! மூளை அலை சில பத்து மைக்ரோவோல்ட். ஒரு சிமிட்டலே அதை அமுக்கிவிடும். சரி என்று அசையாமல் படுத்துப் பழகினேன். கண்ணை மூடியதும் ஆல்ஃபா வந்தது, முழித்தபடி ஓய்வாக இருக்கும்போது வரும் அலை, நொடிக்கு 8 முதல் 12. மனித மூளை அலையை முதலில் பதிந்த ஜெர்மன் டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் எழுதிய அதே ஆல்ஃபா, என் படுக்கையறையில்!

குரல் கேட்கும்போதெல்லாம் போனைத் தட்டி நேரம் குறித்தேன். ஆறு முறையில் ஐந்து முறை, அதற்குச் சற்று முன்பே ஆல்ஃபா கரைந்து, தூக்கம் தொடங்கும்போது வரும் மெதுவான தீட்டா அலை வந்திருந்தது. முழித்திருக்கிறேன் என்று நான் நினைத்த நேரத்தில் மூளை பாதி தூங்கிவிட்டிருக்கிறது.

டாக்டரிடம் காட்டினேன். “இதை வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது. பகலிலும் குரல் கேட்கிறதா?” என்றார். இல்லை. “அப்போ முதல்ல நேரத்துக்குத் தூங்குங்க.” தூக்கத்துக்குள் நுழையும்போது இப்படிக் கேட்பது நிறையப் பேருக்கு உண்டாம்.

சாவி இன்னும் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. எடுத்தால் அம்மாவிடம் யார் பேச்சு வாங்குவது?