1806-ஐ உடைத்துப் பாருங்கள்: குரூப் 4 கணக்கில் காரணி, மடங்கு, பகா எண்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வை முதல் தடவை எழுதியபோது தமிழ் 100 கேள்விக்கும் பொது அறிவு 75-க்கும் மாதக்கணக்கில் படித்துவிட்டு, திறனறிவு 25 கேள்விதானே என்று அதைக் கடைசிப் பத்து நாளுக்குத் தள்ளிவைத்தேன். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், 12 கேள்வி போனால் 18 மதிப்பெண் போச்சு. எனக்குப் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன், குறிப்பாக ஆறாம் வகுப்போடு கணக்கைப் பார்த்துப் பயந்து நின்றவர்களுக்கு.

மடங்கு எனக்குப் புரிந்தது குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில். அம்மா பீடி சுற்றுவார், ஒரு கட்டுக்கு 25, கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. முறத்தில் கட்டுகளை அடுக்கிக்கொண்டே, "நூத்துக்கு நாலு கட்டு, ஆயிரத்துக்கு நாப்பது, இதுல இன்னா கஷ்டம்?" என்றார். கடைசி இரண்டு இலக்கம் 00, 25, 50, 75 என்று இருந்தால் அது 25-இன் மடங்கு என்ற விதியை நான் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே அம்மா கை பார்த்துவிட்டது. மடங்குக்கு முடிவே கிடையாது, போய்க்கொண்டே இருக்கும். காரணி, அதாவது ஒரு எண்ணை மீதி இல்லாமல் வகுக்கும் எண், அப்படி இல்லை, அந்த எண்ணோடு நின்றுவிடும்.

காரணியை எப்போதும் ஜோடியாக எழுதுங்கள். 72 என்றால் 1×72, 2×36, 3×24, 4×18, 6×12, 8×9, அடுத்து 9×8 என்று திரும்பி வந்துவிடுகிறது, நிறுத்திவிடலாம், மொத்தம் 12 காரணிகள். ஒவ்வொன்றாகத் தேடினால் ஒன்றாவது விட்டுப்போகும், எனக்கு எப்போதும் 24 விட்டுப்போகும்.

பகா எண்ணை (1-ம் அதே எண்ணும் என்று இரண்டே காரணிகள் உள்ள எண்) சோதிப்பதும் இதே சங்கதிதான். ஒரு ஜோடியில் இரண்டு பேருமே வர்க்கமூலத்தைவிடப் பெரியவர்களாக இருக்க முடியாது, இருந்தால் பெருக்கினால் எண்ணையே தாண்டிவிடும். ஆகவே சின்னவரைத் தேடினால் போதும். 397-ஐ எடுத்தால் 20-இன் வர்க்கம் 400, அதனால் 2, 3, 5, 7, 11, 13, 17, 19 இந்த எட்டுப் பகா எண்களால் வகுத்துப் பார்த்து, எதிலும் மீதி இல்லாமல் போகவில்லை என்றால் அது பகா எண். 397 பகா எண்தான். இந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ளாமல் வெறும் பட்டியலை மனப்பாடம் செய்ததுதான் நான் செய்த பெரிய தவறு. 100 வரை உள்ள 25 பகா எண்களும் தலைகீழாகத் தெரியும், ஆனால் ஒரு மாதிரித் தேர்வில் 221 வந்தபோது பார்க்க அப்படியே இருக்கிறதே என்று பகா எண்ணாகக் குறித்துவிட்டேன், அது 13×17. இப்படி ஏமாற்றுபவை இன்னும் உண்டு: 91, 119, 133, 161, 247. இவற்றை ஒரு தடவையாவது உங்கள் கையால் உடைத்துப் பாருங்கள். 7-ஆல் வகுபடுமா என்று பார்க்க ஏதேதோ விதி சொல்வார்கள், எனக்கு அது நேர விரயம், நேராக வகுப்பதே வேகம் (161 என்றால் 140-ம் 21-ம், முடிந்தது). அப்புறம் 1 பகா எண்ணும் இல்லை, இரண்டுக்கு மேல் காரணிகள் உள்ள பகு எண்ணும் இல்லை. இரட்டைப்படையில் ஒரே பகா எண் 2.

வேலூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல பயிற்சி எண் இருக்கிறது. கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த ஆண்டு 1806, பொது அறிவில் எப்படியும் படிப்பீர்கள். அதை உடைத்தால் 2×3×7×43. நான்கு பகா எண்களும் ஒரு முறைதான் வருகின்றன, ஆகவே ஒவ்வொன்றின் அடுக்கும் 1, அதோடு 1 கூட்டிப் பெருக்கினால் 2×2×2×2, பதினாறு காரணிகள். அடுத்த ஆண்டு 1807 பார்த்தால் பகா எண் போலவே இருக்கும், ஆனால் 13×139.

மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி), மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) இரண்டும் இந்த உடைப்பிலிருந்தே வந்துவிடும். இரண்டு எண்களின் பெருக்கலும், அவற்றின் மீ.பெ.கா.வையும் மீ.சி.ம.வையும் பெருக்குவதும் சமம்: 12×18-ம் 216, 6×36-ம் 216. விடையைச் சரிபார்க்க நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இரண்டாவது தடவைக்குத் தயாரானபோது தினமும் கே.வி.குப்பம் வழியாகக் காட்பாடிக்குப் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து முன்னால் போகும் வண்டி எண்ணைப் பார்ப்பேன். நம் வேலூரின் 23, ராணிப்பேட்டையின் 73, வாணியம்பாடியின் 83 எல்லாமே பகா எண்கள், திருவண்ணாமலையின் 25 மட்டும் ஐந்தைந்து. கடைசி நான்கு இலக்கம்தான் பாடம். ஒரு நாள் லத்தேரி தாண்டி ஒரு லாரியில் 2491. 50-இன் வர்க்கம் 2500, ஆகவே 47 வரை போக வேண்டும். 7, 11, 13 என்று ஒவ்வொன்றாக மனசிலேயே வகுத்து 41, 43 வரை வந்தாயிற்று, ஒன்றும் வகுக்கவில்லை, சரி பகா எண்தான் என்று விட்டுவிடலாமா என்று தோன்றியது. மிச்சம் இருந்த 47-ஐயும் போட்டுப் பார்த்தேன். 47×53.