திறந்திருந்த கடை, மூடிய மேப்

2020 அக்டோபரில் கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவர் அப்பாவைப் போனில் கூப்பிட்டார். "ஏனுங்கண்ணா, செக்கை வித்துப்போட்டீங்களாமா?"

அப்பா அப்போது செக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். உரலில் கடலை ஆடிக்கொண்டிருந்தது. போனை அந்தப் பக்கம் நீட்டி, "இந்தச் சத்தம் கேக்குதுங்களா?" என்றார்.

விஷயம் இதுதான். ஊரடங்கில் நாங்கள் ஷட்டரை இறக்கியிருந்த நாட்களில் யாரோ ஒரு புண்ணியவான் கூகுள் மேப்பில் எங்கள் செக்கெண்ணெய்க் கடையை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று குறித்துவிட்டார். ஆறேழு மாதமாக அது அப்படியே கிடந்திருக்கிறது. காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே, கோவை - திருச்சி சாலையில் இருக்கிறது எங்கள் கடை. எங்களுக்குப் பாதி வியாபாரம் காரில் போகிறவர்கள். "என்னடா, ஊரடங்கு முடிஞ்சும் ஆளே வரக்காணோம்" என்று அப்பா காலத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். சரி, இதைச் சரி செய்துவிட்டு அடுத்த வேலை தேடலாம் என்று உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

நமக்கு இணையத்தில் ஒன்றுமே இல்லை என்று அப்பா நினைத்திருந்தார். இருந்தது. பெயரில் ஓர் எழுத்து தப்பாக, பழைய தொலைபேசி எண்ணோடு, யாரோ எடுத்த மங்கலான படத்தோடு இருந்தது. எழுதியது மட்டும் நாங்கள் இல்லை. நாம் எழுதாவிட்டால் அடுத்தவர் எழுதுவார். சின்னக் கடைக்காரர்கள் "எனக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்று சொல்லும்போது எனக்கு அந்த ஆறேழு மாதம்தான் ஞாபகத்துக்கு வரும்.

மேப்பில் திருத்தப் போனபோது, கடை எங்களுடையதுதான் என்று நிரூபிக்க வீடியோ கேட்டார்கள். பெயர்ப்பலகை, ரோடு, உள்ளே செக்கு, நான் பூட்டைத் திறப்பது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்து அனுப்பினேன். நேரம், எண், பத்துப் படங்கள். காசு எதுவும் ஆகவில்லை. கார்கள் மறுபடி நிற்கத் தொடங்கின.

"நல்ல எண்ணெய்க்கு வெளம்பரம் எதுக்கு கண்ணு? மணமே சொல்லும்" என்பார் அப்பா. மணம் சொல்லும்தான். ஆனால் காற்று எங்கள் பக்கம் இருந்தாலும் அது ரோட்டோரப் புளியமரம் வரைக்கும்தான் போகும்.

அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸ். அதில் பொருள் பட்டியலைப் போட்டேன். ஒரு மாதம் போனில் கேட்கப்பட்ட கேள்விகளையெல்லாம் நோட்டில் எழுதிவைத்தேன். ஞாயிறு திறந்திருக்குமா? எங்கள் கடலையைக் கொண்டுவந்தால் கூலிக்கு ஆட்டித் தருவீர்களா? ஏன் பாக்கெட் எண்ணெயைவிட விலை கூட? இந்தக் கடைசிக் கேள்விக்கு அப்பாவுக்குக் கோபம் வரும். நான் கணக்கையே போட்டுவிட்டேன்: ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு, அதன் விலை, ஆட்டுகூலி, கரண்டு, அதிலிருந்து கழிக்க வேண்டிய, பிண்ணாக்கு விற்ற காசு. ஒளிக்க என்ன இருக்கிறது? கணக்கைப் பார்த்தபின் பேரம் பேசுகிறவர்கள் குறைந்தார்கள்.

ஆனால் எங்களைக் காப்பாற்றியது ஒரு மார்கழி வீடியோதான். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழிக் காலையில் பாட்டில் வெள்ளையாக இறுகி நிற்கும். வருடா வருடம் நான்கு பேராவது "மெழுகு கலந்திருக்குது" என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ. அந்த வருடம் உறைந்த பாட்டிலை வெயிலில் வைத்து, பக்கத்தில் உறையாத நல்லெண்ணெயையும் வைத்து, அப்பாவைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். கேமராவைப் பார்க்கவே மாட்டார். பாட்டிலிடம்தான் பேசினார். ஒரு நிமிடம்கூட இல்லை. இன்றைக்கும் யாராவது மெழுகு என்று ஆரம்பித்தால் அந்த வீடியோவை அனுப்பிவிடுவேன். பிண்ணாக்குக்கும் அதே வழியில் ஆள் வந்தது. மாடு வைத்திருப்பவர்கள் இத்தனை பேர் இன்ஸ்டாகிராம் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

தப்பும் செய்தேன். மூவாயிரம் ரூபாய் கட்டி விளம்பரம் ஓட்டினேன். ஊரைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டேன். எங்கெங்கோ இருந்து லைக் குவிந்தது, எண்ணெய் வாங்க ஒருவரும் வரவில்லை. அடுத்த தடவை ஐந்நூறு ரூபாய், காங்கேயத்தைச் சுற்றி மட்டும். அதில் வந்த இரண்டு குடும்பங்கள் இன்றுவரை மாதாமாதம் ஐந்து லிட்டர் வாங்குகிறார்கள். பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்தபோது குதித்தேன். விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னார். பதிவு வாங்கி அனுப்பிய முதல் கேன் வழியிலேயே ஒழுகி, கூட வந்த பார்சலில் இருந்த யாருடைய பட்டுப்புடவையையோ நனைத்தது. புடவைக்கு நாங்கள்தான் காசு கொடுத்தோம். அதன்பிறகு மூடிக்கு உள்ளே சீல், வெளியே இரண்டு பிளாஸ்டிக் உறை.

பணம் போட்டுவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டி ஒருவர் பத்து லிட்டர் தூக்கிக்கொண்டு போனதும் உண்டு. பணம் வரவேயில்லை. இப்போது கணக்கில் ஏறியது தெரிந்தபின்தான் டப்பா கைமாறும்.

இன்னொன்று. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது அதையே நம்பியிருந்தவர்கள் சேர்த்த ஆட்களையெல்லாம் ஒரே ராத்திரியில் இழந்தார்கள். அதனால் நான் வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் அப்பாவின் பழைய பற்று வரவு நோட்டில், பேனாவில், எழுதிவைக்கிறேன். அப்பாவுக்கு என் வேலையில் பிடித்த ஒரே பகுதி அது.

போன பொங்கலுக்கு முதல் நாள் நான் மேப்பில் விடுமுறை நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். மாட்டுப் பொங்கலன்று எப்போதும் செக்கு ஓடாது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"லீவுகூட அதுல சொல்லணுமா?"

"சொல்லாட்டி வந்துட்டுத் திரும்பிப் போவாங்கப்பா."

கொஞ்ச நேரம் நின்றார். "அப்படீன்னா அடுத்த நாளு காலையில எட்டுன்னு போடாத. ஏழுன்னு போடு. நான் வந்துருவேன்" என்றார்.