வங்கி ஏலத்தில் வீடு: விலையைப் பார்ப்பதற்கு முன் சுவாதீனத்தைப் பாருங்கள்

ஏல அறிவிப்பைக் கையில் எடுத்ததும் எல்லாருடைய கண்ணும் குறைந்தபட்ச விலைக்குத்தான் போகும். வங்கி ஏலத்தில் வீடு எடுத்துப் பத்திரம் வரை போய் வந்த எங்களைக் கேட்டால், முதலில் தேட வேண்டியது சுவாதீனம் பற்றிய வரி, அதாவது வீடு இப்போது யார் கைவசம் இருக்கிறது என்பது. அடையாள சுவாதீனம் என்றிருந்தால், வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கடன் வாங்கியவர் குடும்பத்தோடு உள்ளேயே இருக்கலாம். அவரை வெளியேற்ற வங்கி, அடமானச் சொத்தை விற்றுக் கடனை மீட்க வழி தரும் சர்ஃபாசி சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி மனுப் போட வேண்டும். சென்னையில் தலைமைப் பெருநகர மாஜிஸ்திரேட்டிடம், மற்ற மாவட்டங்களில் ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை மாஜிஸ்திரேட்டிடமோ. அவர் உத்தரவு போட சட்டத்தில் 30 நாள், காரணம் எழுதினால் மொத்தம் 60 நாள் என்று இருக்கிறது. நடப்பில் அதைத் தாண்டி மாதக்கணக்கில் இழுக்கும், உங்கள் பணமோ அதற்குள் வங்கிக்குப் போய்விட்டிருக்கும். அடமானத்துக்கு முன்பே முறையாக வாடகைக்கு வந்தவர் இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. முழு சுவாதீனம் வங்கி கையில் இல்லாத வீட்டை, முதல் முறை ஏலம் எடுப்பவர் தொடவே வேண்டாம்.

அடுத்தது பணக் கெடு. குறைந்தபட்ச விலையில் வழக்கமாக 10% முன்வைப்புத் தொகை கட்டித்தான் ஏலத்தில் நுழைய முடியும். ஏலம் உங்கள் பெயரில் முடிந்தால், அதையும் சேர்த்து ஏலத்தொகையில் 25%-ஐ அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்டியாக வேண்டும். மீதி 75%-க்கு விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள். வங்கி எழுத்தில் சம்மதித்தால் அதிகபட்சம் 3 மாதம் வரை நீளும், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். கெடு தவறினால் கட்டிய 25% முழுவதும் பறிபோகும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் அப்படிப் பறித்தது செல்லும் என்றே சொன்னது. வீட்டுக் கடனை நம்பி இறங்குபவர்கள், ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகே முன்வைப்புத் தொகை கட்டுங்கள். ஏலத்தொகை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1% வரிப் பிடித்தம் (டிடிஎஸ்) உண்டு. யாருடைய பான் எண்ணில் செலுத்துவது என்பதை வங்கி அதிகாரியிடம் எழுதி வாங்குங்கள்.

30 வருட வில்லங்கச் சான்று போடுவது எல்லாருக்கும் தெரியும். பலர் விடுவது கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் தேடுவதை. கடன் வாங்கியவர் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று இணையத்திலேயே பாருங்கள். வங்கியின் நடவடிக்கையை எதிர்த்து சர்ஃபாசி சட்டம் 17ஆம் பிரிவில் அந்தத் தீர்ப்பாயத்தில் மனுப் போட அவருக்கு 45 நாள் உண்டு. முதல் ஏலத்துக்கு வங்கி 30 நாள் நோட்டீஸ் சரியாகத் தராமல் விட்டிருந்தால், அந்த ஒரு குறையிலேயே விற்பனை ரத்தாகலாம்.

பழைய மின் கட்டணம், சொத்து வரி, அடுக்ககப் பராமரிப்பு பாக்கி எல்லாம் உங்கள் தலையில் விழ வாய்ப்புண்டு; ‘உள்ளது உள்ளபடி’ என்று அறிவிப்பில் போடுவது இதற்குத்தான். மின் பாக்கியை ஏலதாரரிடம் வசூலிக்க விதி இடம் தந்தால் வசூலிக்கலாம் என்று 2023இல் தீர்ப்பே வந்திருக்கிறது. ஏலத்துக்கு முன் இணைப்பு எண்ணை வாங்கி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

நேரில் போகும்போது புல வரைபடத்தோடு போய் நான்கு எல்லையையும் அளந்து பாருங்கள். பழைய கதவு எண்ணை வைத்துக்கொண்டு வங்கி ஆள் பக்கத்து மனையைக் காட்டிவிடுவது உண்டு. முழுத்தொகை கட்டியதும் விற்பனைச் சான்றோடு மூல ஆவணங்களையும் பட்டியல் போட்டு, அதிகாரி கையெழுத்துடன் வாங்குங்கள். தாய்ப்பத்திரம் ஒன்று குறைந்தாலும், பின்னால் விற்கும்போது வாங்குபவரின் வங்கி கடன் தராமல் நிறுத்திவிடும்.