தவில் கூடுகளுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

தாத்தா தவில்காரர். அவர் போய்ப் பதினோரு வருடம் கழித்து, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் அவருடைய விரல் கூடுகள் கிடைத்தன. ஐந்து கூடு, கூடவே பழைய வேட்டித் துண்டில் சுற்றிய கழி. தவில் எப்போதோ பெரிய மாமா வீட்டுக்குப் போய்விட்டது. இதையாவது ஃப்ரேம் போட்டு மாட்டலாம் என்று இறங்கினேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன், மூன்று மாதம் ஆனது.

கூடு பார்த்திராதவர்களுக்கு: தவிலின் வலப்பக்க முகமான வலந்தலையை வலது கை விரல்களால் வாசிப்பார்கள். அந்த விரல்களில் மாட்டுவதுதான் கூடு. துணிக்கீற்றை மாவுப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்தது, தட்டினால் கல் மாதிரி இருக்கும். தொப்பி என்கிற இடப்பக்க முகத்துக்கு இடது கையில் கழி.

முதலில் போனது சாமி படம் போடும் கடை. “க்ளூ கன் வச்சு ஒட்டிடலாம் சார், ஜென்மத்துக்கும் அசையாது” என்றார். யாரோ ஒரு குழந்தையின் முதல் ஷூவை அப்படி ஒட்டியதைக் காட்டினார். ஒரு ஷூ தலை தொங்கிக் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் தஞ்சாவூர் யோசனை வந்தது. தஞ்சாவூர் ஓவியத்தில் கல்லும் மேடான வேலையும் இருப்பதால் கண்ணாடி படத்தில் முட்டக் கூடாது. இடைவெளி விட்டு ஃப்ரேம் போடுவது அங்கே பழகிய வேலை. அப்படி ஃப்ரேம் போடும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கூட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு விலை பேசவில்லை. “பூச்சி இருக்கே தம்பி” என்றார். ஒரு கூட்டின் விளிம்பில் ஊசிமுனை அளவு ஓட்டை. மாவுப் பசை பூச்சிக்கு விருந்து. அப்படியே மூடியிருந்தால், உள்ளே உட்கார்ந்து சாவகாசமாகத் தின்றிருக்கும்.

அதற்கு வழி ஃப்ரீசர். காற்றுப் போகாத கவரில் போட்டு இரண்டு வாரம் வைத்தேன். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. ஒருநாள் அப்படியே விட்டு அறைச் சூட்டுக்கு வந்தபிறகுதான் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டின் மேல் வேர்த்துவிடும். அந்த இரண்டு வாரமும் வீட்டில் மீன் வாங்க அம்மா விடவில்லை.

பெட்டி தேக்கில், உள்ளே மூன்று அங்குல ஆழம். சுற்றிலும் ரீப்பர் வைத்துக் கண்ணாடியைத் தள்ளி நிறுத்தினார். பின்னணிக்குக் கழி சுற்றியிருந்த வேட்டித் துண்டே போதும் என்றேன். கஞ்சி போடாமல் அலசிக் கொண்டுவரச் சொன்னார், கஞ்சியும் பூச்சிக்குச் சாப்பாடுதானே. அதன் பின்னால் ஹார்டுபோர்டு நேராகப் படாமல், அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு. கழியை இரண்டு இடத்தில் பருத்தி நூலால் போர்டோடு கட்டினார். கூட்டுக்கு மட்டும் பசையும் இல்லை, நூலும் இல்லை: ஐந்து மரமுளை அடித்து, துணி சுற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டை விரலில் மாட்டுவதுபோல மாட்டினார். எதிரே நின்றால் ஒரு கை நம்மை நோக்கி நீள்வது மாதிரி இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அம்மா ஒரு நிமிடம் பார்த்தாள். “இது இடது கைடா.”

ஆமாம். என் வலது கையை மேசையில் குப்புற வைத்துப் பார்த்து, கட்டைவிரல் இடப்பக்கம் என்று நான்தான் வரைந்து கொடுத்திருந்தேன். ஆனால் எதிரே உட்கார்ந்து வாசிப்பவரின் வலது கையில் கட்டைவிரல் நமக்கு வலப்பக்கம் வரும். அம்மா சின்ன வயதிலிருந்து எதிரே உட்கார்ந்து பார்த்தவள். போர்டை மாற்றி, முளையை மறுபடி அடித்ததில் எண்ணூறு ரூபாய் கூட. எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூறு ஆனது.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போடவில்லை. அது ஈரம் குடித்து நிரம்பியதும் சும்மாதான் கிடக்கும். பதிலாக வெயில் படாத உள்சுவரில், கீழ் மூலை இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டி, பின்னால் காற்றுப் போகும்படி மாட்டியிருக்கிறேன். பின்பலகைக்கு ஆணி இல்லை, திருகுதான். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பார்க்க உத்தேசம்.

அம்மா அதுவரை பொறுக்க மாட்டாள் போலிருக்கிறது. கழி தலைகீழாக இருக்கிறதாம்.