அப்டேட் போட்டதிலிருந்து

"அப்டேட் போட்டதிலிருந்து சார்ஜ் நிக்க மாட்டேங்குதுண்ணே."

கம்பத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. இந்தப் பேச்சை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கமிருந்து இறங்கி வருகிற சேட்டன்மாரும் இதையேதான் சொல்வார்கள்: "சார்ஜ் நில்க்குன்னில்ல." மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சார்ஜ் 'நிற்க' வேண்டும், அவ்வளவுதான்.

வருகிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பேச்சில் இரண்டு விஷயம் கலந்திருக்கும். ஒன்று தேதி, இன்னொன்று காரணம். தேதி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காரணமும் சரிதானா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குக் கூலி. இதை நான் கற்றுக்கொண்டது இன்னொருவர் காசில்.

உத்தமபாளையத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். அப்டேட்டுக்குப் பிறகு 60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறவே இல்லை என்றார். அடாப்டர் மாட்டினால் 'பிளக் செய்யப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை' என்று வருகிறது. நான் பார்த்தேன், பேட்டரி போய்விட்டது என்றேன், புதிது போட்டேன், 2,800 ரூபாய் வாங்கினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். புதுப் பேட்டரியும் அதே 60-இல் நின்றுகொண்டிருந்தது. அப்புறம்தான் தேடினேன். எந்நேரமும் மின்சாரத்தில் மாட்டி வைத்திருப்பவர்களுக்காக, பேட்டரியின் ஆயுளைக் காப்பாற்ற 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி பல லேப்டாப்களில் உண்டு. அப்டேட்டோடு சேர்ந்து தயாரிப்பாளரின் செயலியும் புதுசாகியிருந்தது. அதில் அந்த வசதி ஆன் ஆகிக் கிடந்தது. அந்த வரம்பு இருப்பது போர்டில். எத்தனை பேட்டரி மாற்றினாலும் 60-தான். ஒரு சொடுக்கில் முடிய வேண்டிய வேலை.

சார் கோபப்படவில்லை. "அப்ப பழசு நல்லாத்தான் இருந்ததா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பழையதை மாட்டி, பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து பேட்டரி அறிக்கையைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை. விண்டோஸில் கட்டளைத் திரையைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று அடித்தால் ஒரு பக்கம் உருவாகும். ஆலையில் செய்தபோது பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு, இன்று முழுசாக ஏற்றினால் எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்களும் மில்லிவாட் ஹவரில் அதில் இருக்கும். கீழே போனால் அந்த இரண்டாவது எண் வாரம் வாரமாக எப்படிக் குறைந்து வந்தது என்ற வரலாறும் இருக்கும். எனக்கு அந்த வரலாறுதான் முக்கியம். அப்டேட் வந்த வாரத்துக்கு முன்னாலேயே எண் சரிந்துகொண்டு வந்திருந்தால் பேட்டரி தன் போக்கில் வயதாகியிருக்கிறது. எண் நன்றாக இருந்தும் சார்ஜ் இறங்குகிறது என்றால், பேட்டரி நல்லது, எதுவோ அதைக் குடிக்கிறது.

ஒரு கல்லூரிப் பையனின் லேப்டாப் முதல் வகை. 40 சதவீதம் காட்டும்போதே பட்டென்று அணைந்துவிடும். மாதாந்தர அப்டேட் வந்த வாரத்தில்தான் தொடங்கியது என்று உறுதியாகச் சொன்னான். வரலாற்றைப் பார்த்தால் ஏழெட்டு மாதமாக எண் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. லித்தியம் செல் வயதானால் அதன் உள்தடை கூடும். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் காட்டும், திடீரென்று பாரம் ஏற்றினால் தாங்காமல் சரிந்துவிடும். அப்டேட் முடித்து பிராசஸர் முழு வேகத்தில் ஓடியது, அந்தப் பாரத்தில் பேட்டரி விழுந்தது. நோய் பழசு, தெரிந்தது மட்டும் அன்றைக்கு.

அவனிடம் இன்னொன்றும் கேட்டேன். "டச்பேட் சரியா அமுங்குதா தம்பி?" இல்லையாம், ஒரு மாதமாக இடது ஓரம் கல் மாதிரி இருக்கிறதாம். மேசைமேல் வைத்து ஓர் இரும்பு ஸ்கேலை டச்பேடின் குறுக்கே நிறுத்தினேன். நடுவில் முட்டி, இரண்டு பக்கமும் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. அடி மூடியைக் கழற்றினால் மூன்று செல்களில் நடுச்செல் எண்ணெயில் போட்ட பூரி போல உப்பியிருக்கிறது. உள்ளே ரசாயனம் சிதைந்து உண்டான வாயு அது. அழுத்தக்கூடாது, குத்தக்கூடாது, சார்ஜ் போடக்கூடாது. மெதுவாக எடுத்து மணல் வாளிக்குள் வைத்துவிட்டேன். இந்தப் பையன் மடிமேல் வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். 'அப்டேட் பிரச்சினை, ஃபார்மேட் பண்ணிட்டா சரியாயிடும்' என்று ஃபார்மேட் மட்டும் அடித்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது. எனவே, சார்ஜ் நிற்கவில்லை என்று வந்தால் டச்பேடைத் தடவிப் பார்த்துவிடுங்கள். அதற்கு அறிக்கைகூடத் தேவையில்லை.

இரண்டாவது வகைதான் அதிக நேரம் வாங்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், அதையொட்டிய வாரங்களில் 11-க்கு மாறியவர்கள் வரிசையாக வந்தார்கள். சிலருக்குத் திரையை ஓட்டும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் போய் அடிப்படை டிரைவர் உட்கார்ந்திருக்கும். திரை வெளிச்சம் குறையவே குறையாது, பேட்டரி உருகும். தயாரிப்பாளர் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டால் சரியாகிவிடும். அது எளிது. வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் அக்காவின் லேப்டாப் அப்படி எளிதில் பிடிபடவில்லை.

ஐப்பசி மாதம். மலையாளிகள் துலாவர்ஷம் என்பார்கள். மதியத்துக்கு மேல் இடியும் மின்னலுமாக வரும் மழை. கம்பத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கரண்ட் போயிருக்கும். காய் பறிப்பும் மும்முரமாக இருக்கிற காலம் அது. சாயங்காலம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போன ஜீப்புகள் திரும்புவதற்குள் ஆட்களின் கூலிக் கணக்கை முடித்தாக வேண்டும். நாலு மணி நேரம் தாங்கிய லேப்டாப், அப்டேட் போட்டதிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. "ஆளுங்க ஜீப்ல ஏறி உக்காந்துட்டு எம்மூஞ்சியவே பாக்குறாக தம்பி" என்றார் அக்கா.

அறிக்கையில் ஆலைக் கணக்கு 42,000, இன்றைய கணக்கு 37,000-க்குக் கொஞ்சம் குறைவு. நல்ல பேட்டரி. ஒரு ராத்திரி கடையில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அடுத்த நாள் காலை சோதித்தேன். மூன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. எதையும் மாற்றவில்லை, அதற்குள் சரியாகிவிட்டது. தானாகச் சரியாகிற எதையும் நான் நம்புவதில்லை. ஆனாலும் அக்காவுக்கு அவசரம், கொண்டுபோனார். மூன்றே நாளில் போன் வந்தது. மறுபடியும் அதே கதை.

மறுபடி இறங்கி வந்தபோது கடையின் வைஃபையை அணைத்துவிட்டு, அக்காவின் போனிலிருந்தே ஹாட்ஸ்பாட் போடச் சொன்னேன். மேலே உள்ள சிக்னல் போலவே இருக்கட்டும் என்று போனைக் கடையின் கடைசி அறையில், இரும்பு பீரோவுக்குள் வைத்தேன். அப்போது பிடிபட்டது. புது விண்டோஸை அமைக்கும்போது வந்த கேள்விகளுக்கெல்லாம் சரி, சரி என்று அழுத்தியதில் டெஸ்க்டாப், ஆவணங்கள் எல்லாம் தானாகவே கிளவுடுக்கு, அதாவது இணையச் சேமிப்புக்கு, ஏறும்படி ஆகியிருந்தது. அக்காவோ ஒவ்வொரு நாளும் கையெழுத்து வாங்கிய கூலித் தாள்களை ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைக்கிறவர். கம்பத்தில் ஃபைபர் லைனில் ஒரே ராத்திரியில் அத்தனையும் ஏறி முடிந்து லேப்டாப் ஓய்ந்துவிட்டது. மேலே போனதும் புதுத் தாள்கள் சேர, ஹாட்ஸ்பாட்டில் பாதி ஏறி அறுந்து, மறுபடி தொடங்கி, மறுபடி அறுந்து, நாள் முழுக்க இதே வேலை. பேட்டரியைத் தின்றது மலையின் சிக்னல். என் கடை ஃபைபர் லைனில் வைத்துக்கொண்டு அதை எந்நாளும் கண்டுபிடித்திருக்க முடியாது. வண்டி எங்கே ஓடுகிறதோ அங்கே வைத்துத்தான் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று மெக்கானிக் அண்ணன்கள் சொல்வது லேப்டாப்புக்கும் பொருந்தும்.

தானாக ஏறுவதை நிறுத்தி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கம்பம் வீட்டுக்கு வரும்போது மட்டும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன்: "ஒரு வாரத்துக்கு நோட்டுல எழுதி வைங்கக்கா. அடாப்டரக் கழட்டுன மணி, அப்ப எத்தனை சதவீதம், மூடுன மணி, திறந்த மணி."

வாட்ஸ்அப்பில் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். கூலி நோட்டில் கோடு போட்டு, நேர் நேராக எண்கள். அந்த மாதிரி ஒழுங்கான குறிப்பு எந்த மென்பொருளும் எனக்குத் தந்ததில்லை. பகல் கணக்கு சரியாக இருந்தது. ராத்திரி வரிகளில்தான் கண் நின்றது. 'இரவு 9.00 மூடினேன் – 74. காலை 6.10 திறந்தேன் – 52.' அடுத்த நாளும் அதே அளவு இறக்கம். மூடி வைத்த லேப்டாப் தூங்கவே இல்லை.

இப்போது வருகிற பல லேப்டாப்களில் தூக்கம் என்பது போனின் தூக்கம் மாதிரி. திரை அணைந்திருக்கும், உள்ளே நெட்டும் மெயிலும் அரைக் கண்ணில் விழித்திருக்கும். பழைய மாதிரி ஆழ்ந்த தூக்கம் சில மாடல்களில் கிடையவே கிடையாது. அக்காவுடையதும் அப்படித்தான். பைக்குள் வைத்த லேப்டாப் சூடாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். மூடியை மூடினால் தூங்காமல் ஹைபர்னேட் ஆகும்படி மாற்ற வேண்டும். நினைவகத்தில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுசாக அணைந்துவிடும். திறக்கும்போது சில நொடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். இதற்காக மறுபடி அக்காவை மலையிறக்க மனமில்லை. போனிலேயே ஒவ்வொரு படியாகச் சொன்னேன். பின்னணியில் தகரக் கூரைமேல் மழை கொட்டும் சத்தம். இரண்டு முறை லைன் அறுந்தது. மூன்றாவது முறை, "மாத்திட்டேன் தம்பி, சேமின்னு குடுத்துட்டேன்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, கடை திறக்கும் முன்பே, நோட்டுப் பக்கத்தின் படம் வந்திருந்தது. கடைசி வரியின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

'இரவு 9.05 மூடினேன் – 71. காலை 6.15 திறந்தேன் – 71.'