நீர் வடித்த சதுப்பு மண்ணின் பரப்பளவு குறைந்தால் சந்தோஷப்படலாமா?

வளர்ந்த நாடுகள் ஆண்டுதோறும் தங்கள் பசுமை இல்ல வாயுக் கணக்கை ஐ.நா.வுக்குக் கொடுக்கின்றன. அதில் நீர் வடித்த கரிம மண் எத்தனை ஹெக்டேர் என்றும் சொல்ல வேண்டும். அதாவது முன்பு சதுப்பாக இருந்து, வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றி, வயலாகவோ மேய்ச்சல் நிலமாகவோ காடாகவோ மாற்றப்பட்ட மண். இந்த எண் வருடத்துக்கு வருடம் இறங்கினால் நல்ல செய்தி என்றுதான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. நிலம் அந்தக் கணக்கிலிருந்து வெளியேற இரண்டு வழி உண்டு. மறுபடி தண்ணீர் கட்டிச் சதுப்பாக்கினால் வெளியேறும். மண்ணில் இருந்த கரிமம் கரைந்து கரைந்து சுமார் 12 சதவீதத்துக்குக் கீழே போய், 'கரிம மண்' என்ற வரையறைக்குள்ளேயே வராமல் போனாலும் வெளியேறும். மொத்தப் பரப்பை மட்டும் காட்டும் வரைபடத்தில் இரண்டுமே கீழே இறங்கும் ஒரே கோடுதான்.

நான் இருக்கும் பீட்டர்பரோவைச் சுற்றியுள்ள ஃபென்ஸ் பகுதியைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். கிழக்கு இங்கிலாந்தின் இந்தத் தாழ்நிலம் ஒரு காலத்தில் நாணலும் விலாங்கு மீனும் வாத்துமாக இருந்த சதுப்பு. 17ஆம் நூற்றாண்டில் பெட்ஃபோர்ட் பிரபுவும் கூட்டாளிகளும் பணம் போட்டார்கள், வெர்மூய்டன் என்ற டச்சுப் பொறியாளர் வந்து 1637லும் 1651லும் நேர்கோடாக இரண்டு பெரிய கால்வாய்களை வெட்டி முடித்தார். மீனையும் நாணலையும் நம்பிப் பிழைத்தவர்கள் சும்மா இருக்கவில்லை, கரைகளை உடைத்துப் பார்த்தார்கள், ஜெயிக்க முடியவில்லை.

இந்தச் சதுப்பின் கரிம மண்ணைப் பீட் என்பார்கள், அது பாதி மட்கிய செடிகொடிகள்தான். ஊறுகாய் மேல் நிற்கும் எண்ணெய் மாதிரி, மேலே தண்ணீர் நிற்கும்வரை காற்று உள்ளே போகாது, ஆயிரக்கணக்கான வருடங்கள் கெடாமல் கிடக்கும். தண்ணீரை வடித்ததும் முதலில் அது சுருங்கி அமுங்குகிறது, அப்புறம் காற்றுப் பட்டு நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்க, கரிமம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்க்கொண்டே இருக்கிறது. வெர்மூய்டன் போன சில தலைமுறைகளில் வயல்கள் ஆற்றுமட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டன, தண்ணீர் தானாக ஓடவில்லை. காற்றாலை வைத்து இறைத்தார்கள். அது போதாமல் 19ஆம் நூற்றாண்டில் நீராவி எந்திரம், பிறகு டீசல், இப்போது மின்சார பம்ப். ஒவ்வொரு புது எந்திரமும் இன்னும் ஆழத்திலிருந்து தண்ணீரை இழுக்க, நிலம் இன்னும் இறங்க, அதற்கு இன்னும் பெரிய எந்திரம். இன்றைக்கு இங்கே காரில் போனால் ஆறு நம் தலைக்கு மேலே கரைகட்டி ஓடுகிறது, புதிதாக வருகிறவர்களுக்கு அதை நம்பவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க இதே பகுதியில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் ஒரு கம்பம் நிற்கிறது. பக்கத்தில் இருந்த விட்டில்சி ஏரியை 1851ல், அந்த வருட லண்டன் மாபெரும் கண்காட்சியில் காட்டிய புதுமாதிரி பம்பைக் கொண்டு காய வைத்தார்கள். அந்த நிலத்தின் சொந்தக்காரர் வெல்ஸ் என்ன ஆகிறது பார்க்கலாம் என்று ஒரு இரும்புத் தூணை அடியில் இருந்த களிமண் வரை இறக்கி, உச்சி தரைமட்டத்தில் இருக்கும்படி நட்டு வைத்தார். முதல் பத்து வருடத்திலேயே தரை ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. இப்போது தூணின் உச்சி தரைக்கு மேலே சுமார் 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிட்டனிலேயே மிகத் தாழ்வான தரை அதைச் சுற்றித்தான், கடல்மட்டத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மீட்டர் கீழே. லாபத்துக்காக வடித்தவர், அதில் என்ன போகிறது என்று அளக்கவும் ஏற்பாடு செய்தாரே, அந்த நேர்மை இன்றைய புள்ளிவிவர அட்டவணைகளிலும் இருந்தால் தேவலை.

ஃபென்ஸில் பல இடங்களில் இப்போது உழுதால் கருப்பு மண்ணோடு சாம்பல் நிறக் களிமண்ணும் சேர்ந்து வருகிறது. பீட் அவ்வளவு மெலிந்துவிட்டது. மண் வரைபடக்காரர்கள் இதைத் தேய்ந்த பீட் என்று தனியாகப் பிரிக்கிறார்கள். பிரிட்டன் 2021ல் கொடுத்த கணக்கில்தான் பீட் நிலங்களை, இந்தத் தேய்ந்த பீட் உட்பட, முழுசாகச் சேர்த்தது. சேர்த்ததும் அதுவரை கரிமத்தை உள்ளிழுப்பதாகக் காட்டிய அந்த நாட்டின் நிலப் பயன்பாட்டுக் கணக்கு, வெளியிடுவதாகக் காட்டும் கணக்காக மாறிவிட்டது. முந்தின வருடமும் அதே வயல்தான், அதே மண்தான். தேய்ந்ததை விட்டுவிட்டு அழகான எண்ணைக் காட்டியிருக்கலாம், அதைச் செய்யாததற்குப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, தண்ணீரை மறுபடி விட்டுவிடலாமே என்றால் அது அவ்வளவு சுலபமில்லை. இங்கிலாந்தில் விளையும் காய்கறிகளில் மூன்றில் ஒரு பங்கு ஃபென்ஸிலிருந்து வருகிறது என்பார்கள், கடையில் நான் எடுக்கும் செலரியும் லெட்டூஸும் பெரும்பாலும் இந்த மண்தான். இதை முழுக்கச் சதுப்பாக்கு என்று விவசாயியிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் முழுக்க நனைக்கத்தான் வேண்டும் என்றில்லை. நீர்மட்டத்தை 10 செ.மீ. உயர்த்தினாலே ஹெக்டேருக்கு வருடம் குறைந்தது 3 டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சமாகும் என்று 2021ல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. பயிர் இல்லாத குளிர்காலத்தில் மட்டத்தை ஏற்றி வைப்பது பேசிப் பார்க்கக்கூடிய விஷயம்.

காசு எல்லா இடத்துக்கும் போதாது என்றால், என் கணக்கில் பீட் இன்னும் கனமாக மிஞ்சியிருக்கும் இடங்களுக்குத்தான் முதலில் தண்ணீர் போக வேண்டும். வருடம் ஒன்றரை செ.மீ. வரை தேயும் மண்ணில் 30 செ.மீ. மட்டும் மீதியிருந்தால் இருபது, முப்பது வருடத்தில் அது எப்படியும் களிமண் வயலாகிவிடும், அட்டவணையிலிருந்தும் நழுவிவிடும். அதனால் அந்த அட்டவணையிலேயே நனைத்ததால் குறைந்தது எவ்வளவு, தீர்ந்துபோனதால் குறைந்தது எவ்வளவு என்று இரண்டு தனி நெடுவரிசை போடச் சொல்ல வேண்டும்.