ஏழாயிரம் டொலர் போன கதையும் மூவாயிரம் வந்த கதையும்

"மாணவி கனடியக் குடிமகளோ நிரந்தர வதிவாளரோ அல்ல. ஆகவே விண்ணப்பம் ஏற்கப்படவில்லை." நாங்கள் வேலைக்கு எடுத்த மாணவியின் சம்பளத்துக்கு அரச உதவி கேட்டதற்குப் பதிலாக இரண்டே வரி மின்னஞ்சல். 2023 மே நடுப்பகுதியில் வந்தது. பிள்ளை எங்களிடம் வேலைக்கு வந்து அப்போது இரண்டாவது கிழமை.

நாங்கள் ஸ்காபரோவில் தோசை மா செய்து கடைகளுக்குப் போடுகிறவர்கள். கோடை வந்தால் பைகள் ஊதும். குளிர்பெட்டிக்குள் வைத்தாலும் ஒன்பதாம் பத்தாம் நாளில் புளிப்பு ஏறி, கடைக்காரர் திருப்பி அனுப்புவார்கள். உப்பைக் கூட்டிப் பார்த்தோம், உளுந்தைக் குறைத்துப் பார்த்தோம், ஒரு பை நன்றாக இருக்கும், அடுத்த பை வெடிக்கும். இதை ஒழுங்காக ஆராய உணவு விஞ்ஞானம் படிக்கிற ஒரு பிள்ளையை நாலு மாதம் கோ-ஒப்பில், அதாவது படிப்பின் பகுதியாகச் செய்யும் வேலைப் பயிற்சியில், எடுக்கலாம், சம்பளத்தில் பெரும்பகுதியை மத்திய அரசின் மாணவர் வேலைப் பயிற்சித் திட்டம் தரும் என்று ஒருவர் சொன்னார். சொன்னது பொய் அல்ல. சாதாரணமாகச் சம்பளத்தில் 50 வீதம், 5,000 டொலர் வரை. அறிவியல், பொறியியல் படிக்கும் பெண்கள், பூர்வகுடியினர், மாற்றுத்திறனாளிகள், புதிதாகக் குடியேறியவர்கள், முதலாம் ஆண்டு மாணவர்கள் என்றால் 70 வீதம், 7,000 டொலர் வரை. மணிக்கு 20 டொலர், கிழமைக்கு 37.5 மணி, 16 கிழமை: சம்பளம் 12,000. அதில் 7,000 வரும் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் ஆள் தேடினேன்.

மூன்று பேரைப் பார்த்தேன். கோயம்புத்தூரில் இருந்து படிக்க வந்த பிள்ளைதான் மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அரைக்கும்போது மாவு எவ்வளவு சூடாகுதுங்க அக்கா?" என்று கேட்டாள். எங்களிடம் யாரும் அதுவரை கேட்காத கேள்வி. அன்றே அவளை எடுத்தேன்.

எடுப்பதற்கு முன் அந்தத் திட்டத்தை நடத்தும் இடைநிலை அமைப்பு ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசினேன். கோ-ஒப் மாணவி என்றேன், அப்படியென்றால் பிரச்சினை இல்லை என்றார்கள். வெளிநாட்டு மாணவியா என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியின் விலை ஏழாயிரம் டொலர். இந்தத் திட்டம் குடிமக்கள், நிரந்தர வதிவாளர்கள், பாதுகாக்கப்பட்ட அகதிகள் ஆகியோருக்கு மட்டும். வேலை அனுமதி கையில் இருந்தாலும் சர்வதேச மாணவர்களுக்கு இல்லை. நிபந்தனைப் பக்கத்தில் அது தெளிவாக இருக்கிறது. நான் நிறுவனத்துக்கான தகுதிகளைத்தான் வரிவரியாக வாசித்தேன், மாணவருக்கான பகுதியை மேலோட்டமாகப் பார்த்தேன்.

மின்னஞ்சலைப் பிள்ளைக்குக் காட்டாமல் இருக்க மனம் வரவில்லை. வாசித்துவிட்டு, "அப்போ நாளைல இருந்து நான் வரட்டுங்களா, வேண்டாங்களா?" என்றாள். "நீர் வாரும் பிள்ளை. சம்பளத்தை நாங்கள் பாக்கிறம்" என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது கிரைண்டர் வாங்க வைத்திருந்த காசு அந்த நாலு மாதத்தில் போனது. அதற்காக அவளை அனுப்பியிருந்தால் இன்று எனக்கு நித்திரை வராது.

அடுத்து ஐராப் ஆலோசகர் ஒருவரோடு பேசினேன். அது தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் உதவித் திட்டம், 500 பேருக்கு மேற்படாத நிறுவனங்களுக்கானது. மனிதர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் தொடங்கிய வேலைக்குச் செலவு தர முடியாது என்றார். நாங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டோம். ஐராப் பக்கம் போக நினைப்பவர்கள் ஒரு பரிசோதனைப் பையைக் கட்டுவதற்கு முன்பே ஆலோசகரைக் கூப்பிடுங்கள். அவர் தொலைபேசியை வைக்கும்போது சொன்ன ஒரு சொல்லுக்கு மட்டும் நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்: "ஒவ்வொரு நாளும் எழுதி வையுங்கள், 'ஷ்ரெட்' போடலாம்."

ஷ்ரெட் என்பது ஆராய்ச்சிச் செலவுக்கான மத்திய வரிச்சலுகை. எங்களைப் போன்ற சிறிய கனடியத் தனியார் நிறுவனங்களுக்கு 35 வீதம், வரி கட்ட வேண்டியிராவிட்டாலும் காசாகவே வரும். இதில் ஆளின் குடியுரிமையைக் கேட்பதில்லை, வேலை கனடாவுக்குள் நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள். அன்றிரவே பிள்ளைக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். அரைத்தபின் மாவின் வெப்பநிலை, புளிப்பின் அளவு, எத்தனை மணிக்கு எந்தப் பை ஊதியது, அடுத்து எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், எத்தனை மணிநேரம் செலவானது, எல்லாம் திகதியோடு. தோற்ற பரிசோதனைகளையும் எழுதினாள். அந்தத் தோல்விப் பக்கங்கள்தான் பிறகு எங்களைக் காப்பாற்றின.

இதற்கிடையில் வரிப் படிவங்களைக் கிளறும்போது அட்டவணை 550 கண்ணில் பட்டது. ஒன்ராறியோ மாகாணத்தின் கோ-ஒப் கல்வி வரிச்சலுகை. ஆண்டுச் சம்பளச் செலவு நாலு லட்சம் டொலருக்கு மேற்படாத நிறுவனத்துக்குச் சம்பளத்தில் 30 வீதம், ஒரு பயிற்சிக்கு 3,000 வரை. ஒன்ராறியோக் கல்லூரியின் கோ-ஒப் பாடநெறியில் படித்தால் போதும், வதிவிடம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்று தரம் வாசித்து உறுதிப்படுத்திய பிறகுதான் எங்கள் கணக்காளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இதை அதுவரை எங்களுக்குச் சொன்னதே இல்லை.

ஆனால் இதற்குக் கல்லூரியின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்காக நான் மூன்று தரம் போனேன். முதல் முறை, மின்னஞ்சலில் கேளுங்கள் என்றார்கள். கேட்டேன், மூன்று கிழமை பதிலே இல்லை. இரண்டாவது முறை கையில் தந்தது, பிள்ளை அங்கே படிக்கிறாள் என்ற சாதாரணப் பதிவுக் கடிதம். இது இல்லை, இந்த நிறுவனத்தில் நடந்த வேலை தகுதியான கோ-ஒப் பயிற்சி என்று இருக்கவேண்டும் என்றேன். மேசையில் இருந்தவர், "எல்லோருக்கும் இதைத்தான் கொடுக்கிறோம்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மூன்றாவது முறை அட்டவணை 550ஐ அச்செடுத்து, தேவையான வரிகளுக்குக் கீழே கோடு போட்டுக் கொண்டுபோனேன். சரியான கடிதம் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தொடங்கிய மாதம் மே என்பதற்குப் பதில் யூலை. பயிற்சி குறைந்தது பத்துக் கிழமை இருக்கவேண்டும். யூலை நடுவில் இருந்து எண்ணினால் பத்து வராது. திருத்தத்துக்கு இன்னும் இரண்டு கிழமை. கடிதம் கையில் கிடைத்தால் வாசலை விட்டு வெளியே வருமுன் திகதிகளைப் பாருங்கள். வரிப் படிவத்தோடு அனுப்பத் தேவையில்லை, ஆனால் கேட்டால் காட்ட வேண்டும், பத்திரமாக வையுங்கள்.

ஷ்ரெட் விண்ணப்பத்துக்கு ஒரு ஆலோசனை நிறுவனம் வந்தது. கிடைப்பதில் கால் பங்கு தங்களுக்கு என்றார்கள். அவர்கள் எழுதித் தந்த மாதிரியில் "சுவை கூடிய மா", "சந்தையில் வரவேற்பு" என்று இருந்தது. சுவையும் சந்தையும் அங்கே எடுபடாது. வழமையான தரப்பரிசோதனையும் ஆராய்ச்சி ஆகாது. என்ன தொழில்நுட்பச் சிக்கல், அதை ஏன் தெரிந்த வழியில் தீர்க்க முடியவில்லை, எப்படிப் படிப்படியாகச் சோதித்தீர்கள், என்ன புதிதாக அறிந்தீர்கள், இவைதான் கேள்வி. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காமல் ஷ்ரெட்டுக்கான ரி661 படிவத்தை நானே எழுதினேன். அதில் 242ஆம் பகுதிக்கு 350 சொல் வரை எழுதலாம், 244க்கு 700, 246க்கு 350. கொப்பி இருந்தபடியால் ஐந்து இரவில் முடிந்தது. முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு வருமான முகவரகம் இலவச ஆலோசனை தருகிறது, கட்டாயம் பயன்படுத்துங்கள்.

இன்னும் மனதில் எரிகிற ஒன்று உண்டு. அந்த நாலு மாதமும் இரவு பதினொரு மணிவரை நானும் அந்த மேசையில்தான் நின்றேன். என் நேரத்துக்கு ஒரு சதமும் இல்லை. அந்த வருடம் நான் சம்பளம் எடுக்கவில்லை, பங்கிலாபமாக எடுத்தேன். ரி4 என்ற ஆண்டுச் சம்பளச் சான்றில் வராத காசு ஷ்ரெட்டுக்குச் சம்பளம் அல்ல. சொந்த நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்கிற எல்லோரும் இதைக் கணக்காளரிடம் வருடத் தொடக்கத்திலேயே கதையுங்கள். வருட முடிவில் கதைத்துப் பயன் இல்லை.

படிவத்தை வருட முடிவில் இருந்து 18 மாதத்துக்குள் போடவேண்டும், அதன்பின் எந்தக் காரணமும் செல்லாது. நாங்கள் ஆறாம் மாதத்திலேயே போட்டோம். மாகாணத்தின் 3,000 முழுதாக வந்தது. அந்தச் சலுகையை அரச உதவியாகக் கழித்துக்கொண்டுதான் ஷ்ரெட் கணக்குப் பார்ப்பார்கள், அப்படியும் நாலாயிரத்தை ஒட்டி வந்தது. கிரைண்டர் வாங்கியாயிற்று. மா இப்போது பதினெட்டு நாள் நிற்கிறது. அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் விடுகிறோம், அந்தப் பிள்ளை முதல் நாள் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் அது.

2025இல் மறுபடி ஒரு பிள்ளை எடுத்தேன். நேர்காணலுக்கு முன் இடைநிலை அமைப்புக்கு மூன்று கேள்வி எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கினேன்: மாணவரின் வதிவிட நிலை என்னவாக இருக்கவேண்டும், முந்திய வருடங்களில் எடுத்த மாணவர் எண்ணிக்கையோடு பார்த்தால் இது புதிய இடமாகக் கணக்கில் வருமா, இதே சம்பளத்துக்கு வேறு மத்திய உதவி எடுத்தால் பாதிக்குமா. மூன்றாவதற்குப் பதில்: ஒரே சம்பளத்துக்கு இரண்டு மத்திய உதவி கிடையாது. ஒப்புதல் ஏப்ரல் 22இல் வந்தது. பிள்ளை வேலைக்கு வந்தது மே 5.